அரசு லேப்டாப்பில் லினக்ஸ் கேமிங்: எந்த மடை அடைச்சிருக்கு?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இந்த வார எபிசோடை கீழப்பாவூர்ல எங்க வீட்டு மாடியில இருந்து ரெக்கார்ட் பண்றேன். நடுவுல ஃபேன் சத்தமோ பஸ் ஹார்னோ கேட்டா கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

உங்ககிட்ட இருந்து திரும்பத் திரும்ப வர்ற ஒரு கேள்வியைத்தான் இன்னைக்கு எடுத்துக்கப் போறேன். "ப்ரோ, வீட்ல ஒரு பழைய கவர்ன்மென்ட் லேப்டாப் இருக்கு. லினக்ஸ் போட்டா கேம் வேகமா ஓடுமா?"

பதிலை முதல்லயே சொல்லிடுறேன். லினக்ஸ் போட்டதாலேயே எந்த கேமும் வேகமா ஓடிடாது. ஆனா அந்த மெஷின்ல எது தடையா இருக்குன்னு கண்டுபிடிச்சு, அதை மட்டும் சரி பண்ணா, நீங்க எதிர்பார்க்கிறதை விட நல்லாவே ஓடும். அந்தத் தடையைக் கண்டுபிடிக்கிற வேலைக்கு லினக்ஸ் ரொம்ப வசதியான இடம். ஏன்னா அங்க எதுவும் மூடி வைக்கப்படல.

எங்க ஊர்ப் பக்கம் குளத்துப் பாசனம் பாத்தவங்களுக்கு இது சட்டுன்னு புரியும். குளத்துல தண்ணி நிறைய கெடக்கும், ஆனா கடைசி வயலுக்கு வந்து சேராது. விவசாயி உடனே குளத்தை ஆழப்படுத்தப் போக மாட்டார். மண்வெட்டியை எடுத்துக்கிட்டு வாய்க்கால் ஓரமாவே நடந்து போய், எந்த மடை அடைச்சிருக்குன்னு பாப்பார். கேம் பெர்ஃபார்மன்ஸும் அதே மாதிரி நடந்து பாக்க வேண்டிய வேலைதான்.

உங்க வீட்ல இருக்கிறது எந்த லேப்டாப்?

தமிழ்நாட்டுல விலையில்லா லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி, அண்ணா பிறந்த நாள் அன்னைக்கு, முதல்வர் ஜெயலலிதா காலத்துல தொடங்கிச்சு. அடுத்த வருஷங்கள்ல 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்புகள் மாணவர்கள் கைக்குப் போச்சு. நிறைய பேர் மறந்துபோன ஒரு விஷயம் என்னன்னா, ஆரம்பத்துல வந்த லேப்டாப்புகள்ல ரெண்டு ஆபரேட்டிங் சிஸ்டம் இருந்துச்சு. ஒண்ணு விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். இன்னொண்ணு பாஸ் லினக்ஸ், அதாவது மத்திய அரசு நிறுவனமான சிடாக், டெபியனை அடிப்படையா வெச்சு உருவாக்கினது.

லேப்டாப்பை ஆன் பண்ணா ஒரு மெனு வரும். நாம எல்லாரும் என்ன பண்ணோம்? அம்புக்குறியைக் கீழ இறக்கி விண்டோஸைத் தேர்ந்தெடுத்தோம். பென்டிரைவ்ல வைஸ் சிட்டியும் கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கும் வந்து சேர்ந்துச்சு. லட்சக்கணக்கான தமிழ்நாட்டு வீடுகளுக்கு லினக்ஸ் வந்துச்சு, ஆனா கதவைத் தட்டிட்டுத் திரும்பிப் போயிடுச்சு.

இப்ப அது ஏன் மறுபடியும் முக்கியம்? 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தர்ற வழக்கமான ஆதரவு முடிஞ்சுது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேணும், அவங்க பட்டியல்ல உள்ள பிராசஸரும் வேணும். பழைய அரசு லேப்டாப்புகள்ல இருக்கிற சிப்புகள் அந்தப் பட்டியல்ல கிடையாது. மெஷின் நல்லா இருக்கு, ஸ்கிரீன் நல்லா இருக்கு, ஆனா அதிகாரபூர்வமா அதுக்கு எதிர்காலம் இல்ல. லினக்ஸுக்கு அந்தத் தடை இல்ல.

ஆனா எல்லா அரசு லேப்டாப்பும் ஒண்ணு கிடையாது. கேமிங்னு வந்தா இதுல ஒரு பெரிய கோடு இருக்கு. அந்தக் கோட்டுக்குப் பேரு வல்கன். இன்னைக்கு லினக்ஸ்ல விண்டோஸ் கேம்கள் ஓடுறதுக்கு அடித்தளமே இந்த கிராபிக்ஸ் இடைமுகம்தான். ஆரம்ப வருஷங்கள்ல வந்த, சாண்டி பிரிட்ஜ் காலத்து இன்டெல் சிப் உள்ள மெஷின்ல வல்கன் வேலை செய்யாது. அதுல ஓப்பன்ஜிஎல் மட்டும்தான். அதனால 2000-களின் பழைய கேம்கள், சூப்பர்டக்ஸ்கார்ட் மாதிரி லேசான கேம்கள், இதோட நிறுத்திக்கணும். பின்னாடி வந்த, ஏஎம்டி சிப் உள்ள லெனோவோ லேப்டாப்புகள்ல வல்கன் வேலை செய்யும். இன்னைக்கு நான் சொல்லப்போறதுல பெரும்பகுதி இந்த ரெண்டாவது வகைக்கு.

சித்தி கேட்ட கேள்வி

இந்த எபிசோடுக்கு உடனடிக் காரணம் எங்க சித்தி. அவங்க மகன், என் தம்பி, பதினொண்ணாம் வகுப்பு படிக்கிறான். வீட்ல இருக்கிறது அவன் அக்கா பிளஸ் டூ முடிக்கும்போது வந்த ஏஎம்டி லேப்டாப். அவனுக்கு ஆசை ஒரே ஒரு கேம்தான்: யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2. அதுலயும் லாரி ஓட்ட இல்ல, நம்மூரு பஸ் மாட் போட்டு பஸ் ஓட்ட. அந்த மாட் பித்து எவ்வளவு பெருசுன்னு கேட்டுக்கிட்டிருக்கிற நிறைய பேருக்குத் தெரியும்.

விண்டோஸ்ல அது படம் படமா நகர்ந்துச்சு. அவன் "அண்ணே, கேமிங் லேப்டாப் வாங்காம இது சரிவராது"ன்னு முடிவுக்கே வந்துட்டான். சித்தி பீடி சுத்துறாங்க. மடியில தட்டை வெச்சுக்கிட்டே என்னைப் பாத்து, "ஏலே, இந்த டப்பா இனி தேறுமா, இல்ல புதுசுதான் வாங்கணுமா? பாத்துச் சொல்லிரு. வாங்கணும்னா நான் சீட்டை எடுக்கணும்"னாங்க.

ஒரு கேமிங் லேப்டாப் விலைங்கிறது அவங்க எத்தனையோ மாசம் சுத்துற பீடி. அதனால "ட்ரை பண்ணிப் பாப்போம் சித்தி"ன்னு மழுப்ப முடியாது. எங்க தடைபடுதுன்னு அளந்து காட்டி, தேறும் அல்லது தேறாதுன்னு ஒரு பதில் சொல்லணும்.

முதல் வேலை: அளக்கிறது

லினக்ஸ்ல மாங்கோஹட்னு ஒரு இலவசக் கருவி இருக்கு. கேம் ஓடும்போது திரை மூலையில சின்ன எழுத்துல எல்லாத்தையும் காட்டும்: எஃப்பிஎஸ், ஜிபியு எத்தனை சதவீதம், சிபியு ஒவ்வொரு கோரும் எத்தனை சதவீதம், ரேம், வெப்பநிலை, கூடவே ஒரு கோடு. அந்தக் கோடுதான் ரொம்ப முக்கியம். அதுக்குப் பேரு ஃபிரேம் டைம், அதாவது ஒரு படத்தை வரைய எத்தனை மில்லிசெகண்ட் ஆச்சுங்கிற கணக்கு.

ஏன் எஃப்பிஎஸ் மட்டும் போதாது? எஃப்பிஎஸ் ஒரு சராசரி. 60 எஃப்பிஎஸ்னா ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட். 30-ன்னா 33.3. ஒரு செகண்டுல 40 ஃபிரேம் வந்தாலும், நடுவுல ஒரே ஒரு ஃபிரேம் 200 மில்லிசெகண்ட் எடுத்துக்கிட்டா, உங்க கண்ணுக்கு அது உதறல்தான். சராசரி நல்லா இருக்கும், விளையாட எரிச்சலா இருக்கும். கோடு சமமா போகுதா, முள்ளு முள்ளா குத்துதான்னு பாருங்க.

இப்ப படிக்கிற விதம். ஜிபியு 97, 98 சதவீதத்துல ஒட்டிக்கிட்டு நிக்குதா? தடை கிராபிக்ஸ்ல. ஜிபியு பாதி சும்மா இருக்கு, ஆனா சிபியுவுல ஒரு கோர் மட்டும் 100-ல நிக்குதா? தடை சிபியுவுல. ரெண்டுமே சும்மா இருக்கு, ஆனா ரேம் நிரம்பி, டிஸ்க் லைட் விடாம எரியுதா? தடை மெமரியில. ஆரம்பத்துல நல்லா ஓடி, பத்து நிமிஷம் கழிச்சு கிளாக் வேகம் இறங்குதா? தடை வெப்பத்துல.

அளக்கும்போது ரெண்டு ஒழுக்கம். ஒரே ரூட், ஒரே நேரம், ஒரே வானிலைன்னு வெச்சு மூணு தடவை ஓட்டுங்க. ஒரு நேரத்துல ஒரே ஒரு மாற்றம் மட்டும் பண்ணுங்க. அஞ்சு மாற்றத்தை ஒண்ணா பண்ணிட்டா, எது உதவிச்சு, எது கெடுத்துச்சுன்னு தெரியவே தெரியாது.

சித்தி வீட்டு லேப்டாப்புல நாங்க பாத்தது இதுதான்: ஜிபியு பெரும்பாலும் உச்சத்துல. ஆனா பெரிய உதறல்கள் எல்லாம் டிஸ்க் லைட் எரியுற அதே நொடியில. அதாவது ரெண்டு மடை அடைச்சிருக்கு. அதுல மோசமானது கிராபிக்ஸ் இல்ல, மெமரி.

மெமரி: சத்தம் போடாத குற்றவாளி

அந்த மெஷின்ல இருந்தது 4 ஜிபி ரேம். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்புல, ஜிபியுவுக்கும் அதே ரேம்ல இருந்துதான் பங்கு போகணும். மிச்சத்துல ஆபரேட்டிங் சிஸ்டம், அதுக்கு மேல ஸ்டீம். ஸ்டீம்ங்கிறது உள்ளுக்குள்ள ஒரு முழு பிரவுசர். கடைசியாத்தான் கேம். இடம் பத்தாம போனா, லினக்ஸ் மெமரியில இருக்கிறதைத் தூக்கி டிஸ்க்குல வைக்கும். சுத்துற ஹார்ட் டிஸ்க்குல அதைத் திரும்ப எடுக்கிற நேரத்துல கேம் அப்படியே உறைஞ்சு நிக்கும்.

இதுக்கு மூணு மருந்து இருக்கு.

முதலாவது காசில்லாதது. லேசான டெஸ்க்டாப் போடுங்க, எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்க்யூடி. பிரவுசரை மூடிட்டு விளையாடுங்க. கேட்க சாதாரணமா இருக்கும், ஆனா 4 ஜிபி மெஷின்ல மத்த எல்லா டிப்ஸையும் விட இதுக்குப் பலன் அதிகம்.

ரெண்டாவதும் காசில்லாதது. இசட்ரேம். டிஸ்க்குக்குத் தூக்கிப் போடுறதுக்குப் பதிலா, ரேமுக்குள்ளேயே சுருக்கி மடிச்சு வைக்கிற வசதி. பீரோவுல துணியை மடிச்சு வெச்சா இடம் கிடைக்கிற மாதிரி. சுருக்கி விரிக்க சிபியு கொஞ்சம் வேலை செய்யணும், ஆனா சுத்துற டிஸ்க்கோட ஒப்பிட்டா அது ஒண்ணுமே இல்ல. ஃபெடோரா 2020-ல வந்த 33-ஆம் பதிப்புல இருந்து இதை இயல்பாவே ஆன் பண்ணித் தருது. மத்த டிஸ்ட்ரோக்கள்ல ஒரு சின்ன பேக்கேஜ் போட்டா போதும்.

மூணாவதுக்குக் காசு வேணும். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு ஒரு சாட்டா எஸ்எஸ்டி. ரேமை 8 ஜிபி ஆக்குறது. நாங்க எஸ்எஸ்டியைப் புதுசாவும், ரேமைப் பழசாவும் வாங்கினோம். ரெண்டும் சேர்ந்து, கேமிங் லேப்டாப்போட ரெண்டு மாசத் தவணைக்குள்ள முடிஞ்சுது. வாங்குறதுக்கு முன்னாடி லேப்டாப்பைத் திறந்து எத்தனை ஸ்லாட் இருக்கு, எந்த வகை ரேம்னு பாத்துடுங்க.

இங்க ஒரு நுணுக்கம். ரைசன் அல்லது இன்டெல் கோர் ஐ சிப் உள்ள லேப்டாப்புல, ஒரே ரேம் குச்சிக்குப் பதிலா ரெண்டு போட்டா மெமரி பாதை ரெண்டாகும். தனி கிராபிக்ஸ் இல்லாத மெஷின்ல அதனால கேம் வேகம் நல்லாவே கூடும். ஆனா ஸ்டோனி ரிட்ஜ் குடும்பத்து ஏஎம்டி சிப்புல பாதையே ஒண்ணுதான். அதுல ரெண்டு போட்டாலும் இடம்தான் கூடும், வேகம் கூடாது. கடைக்காரர் "டூயல் சேனல் தம்பி, பறக்கும்"னு சொன்னா, உங்க சிப் எதுன்னு பாத்துட்டு நம்புங்க.

வெப்பம்: சிபியுவும் ஜிபியுவும் பங்காளிகள்

கீழப்பாவூர்ல ஐப்பசி மழைக்கு விளையாடுறதும், சித்திரை வெயில்ல விளையாடுறதும் வேற வேற லேப்டாப் மாதிரி இருக்கும். சிப் சூடானா தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைச்சுக்கும். பழைய லேப்டாப்புல ஃபேனுக்குள்ள தூசி மெத்தை மாதிரி படிஞ்சிருக்கும். தெர்மல் பேஸ்ட் காஞ்சு போயிருக்கும். பாவூர்சத்திரத்துலயோ தென்காசியிலயோ ஒரு சர்வீஸ் கடையில குடுத்து ரெண்டையும் சரி பண்ணுங்க. கட்டில்ல, மெத்தை மேல வெச்சு விளையாடாதீங்க. எந்த சாஃப்ட்வேர் ட்வீக்கும் அடைஞ்ச காத்து வழியைத் திறக்காது.

அடுத்ததுதான் இணையத்துல தப்பா பரவுற அறிவுரை. "சிபியு கவர்னரை பெர்ஃபார்மன்ஸ்ல போடு"ன்னு எல்லாரும் சொல்வாங்க. கவர்னர்ங்கிறது சிபியு எவ்வளவு வேகத்துல ஓடணும்னு முடிவு பண்ற கர்னல் பகுதி. தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள டெஸ்க்டாப்புல அந்த அறிவுரை சரியா இருக்கலாம். ஆனா நம்ம மாதிரி லேப்டாப்புல சிபியுவும் ஜிபியுவும் ஒரே சிப்புக்குள்ள, ஒரே மின்சார அளவைப் பங்கு போட்டுக்கிற பங்காளிகள். ஒருத்தர் அதிகமா எடுத்தா இன்னொருத்தருக்குக் குறையும். தடை ஜிபியுவுல இருக்கும்போது சிபியுவுக்கு அள்ளிக் குடுத்தா, கேம் வேகம் குறையவும் வாய்ப்பிருக்கு.

ஃபெரல் இன்டராக்டிவ் நிறுவனம் 2018-ல வெளியிட்ட கேம்மோட் கருவியில இதுக்குன்னே ஒரு ஏற்பாடு இருக்கு. உள்ளமைந்த ஜிபியு அதிக மின்சாரம் எடுக்கிறதைக் கவனிச்சா, சிபியுவை உச்சத்துல போடாம விட்டுடும். அதனால கையால கவர்னரை மாத்துறதை விட கேம்மோடைப் பயன்படுத்துறது நல்லது. போட்டதுக்கு அப்புறமும் மாங்கோஹட்ல அளந்து பாருங்க. பலன் இல்லன்னா எடுத்துடுங்க.

கிராபிக்ஸ்: பிக்சல் கணக்கு

ஜிபியு தடையா இருந்தா, அதுக்கு வேலையைக் குறைக்கிறது ஒண்ணுதான் வழி. 1366-க்கு 768 திரையில ஒரு ஃபிரேமுக்குச் சுமார் 10.5 லட்சம் பிக்சல். 960-க்கு 540 ஆக்கினா சுமார் 5.2 லட்சம். கிட்டத்தட்ட பாதி வேலை. கேமுக்குள்ளேயே ஸ்கேலிங்னு ஒரு செட்டிங் இருந்தா அதைப் பயன்படுத்துங்க. இல்லன்னா வால்வ் உருவாக்கின கேம்ஸ்கோப் இருக்கு. கேமைச் சின்ன அளவுல வரைய வெச்சு, திரைக்குத் தகுந்த மாதிரி பெருசாக்கிக் காட்டும். ஏஎம்டியோட எஃப்எஸ்ஆர் முறையில கொஞ்சம் கூர்மையாவும் ஆக்கித் தரும்.

அதுக்கு அடுத்து நிழல், கண்ணாடிப் பிரதிபலிப்பு, தூரத்து மரங்கள். இந்த மூணையும் இறக்கினாலே நிறைய மிச்சமாகும். டெக்ஸ்சர் வேற கதை. அது மெமரியைத்தான் தின்னும், வேகத்தை அவ்வளவா பாதிக்காது.

கடைசியா 30-ல பூட்டு போடுங்க. மாங்கோஹட்லயே அந்த வசதி இருக்கு. 22-க்கும் 45-க்கும் நடுவுல ஊஞ்சலாடுறதை விட, அசையாத 30 கண்ணுக்கு நல்லா இருக்கும். சிப்பும் சூடாகாது, அதனால அந்த 30 ரொம்ப நேரம் நிக்கும். தம்பி இதை ஒத்துக்கவே மாட்டேன்னான். "குறைச்சா எப்படிண்ணே நல்லா ஓடும்?"ன்னான். சொல்லிப் புரிய வைக்கல. பூட்டுப் போட்டுட்டு கன்ட்ரோலரைக் கையில குடுத்தேன். அதுக்கப்புறம் அவன் பூட்டை எடுக்கல.

டிரைவரும் புரோட்டானும்

இப்ப கொஞ்சம் உள்ளே போவோம். விண்டோஸுக்கு எழுதின கேம் லினக்ஸ்ல எப்படி ஓடுது? 1993-ல தொடங்கின வைன், விண்டோஸ் அழைப்புகளை லினக்ஸுக்குப் புரியிற மாதிரி மாத்திக் குடுக்குது. கிராபிக்ஸுக்கு டிஎக்ஸ்விகே. பிலிப் ரெபோலேங்கிற டெவலப்பர், நியர் ஆட்டோமேட்டாங்கிற கேமை லினக்ஸ்ல விளையாடணும்னு ஆரம்பிச்சது அது. விண்டோஸோட டைரக்ட்3டி அழைப்புகளை வல்கனா மாத்தும். 2018 ஆகஸ்ட்ல வால்வ் இதையெல்லாம் சேர்த்து புரோட்டான்ங்கிற பேர்ல ஸ்டீமுக்குள்ள கொண்டுவந்துச்சு. 2022-ல ஸ்டீம் டெக் வந்ததும் இந்த வேலை இன்னும் வேகம் பிடிச்சது. ஒரு ஆள் தனக்குப் பிடிச்ச கேமுக்காகச் செஞ்ச வேலை, இன்னைக்கு கீழப்பாவூர்ல ஒரு அரசு லேப்டாப்புலயும் ஓடிக்கிட்டிருக்கு.

இதுக்கு அடியில இருக்கிறது மெசா, அதாவது திறந்த மூல கிராபிக்ஸ் டிரைவர் தொகுப்பு. ஏஎம்டியும் இன்டெல்லும் வெச்சிருக்கிறவங்க டிரைவரைத் தேடி எந்த வெப்சைட்டுக்கும் போக வேண்டாம். ஆனா மெசா புதுசா இருக்கணும். ரொம்பப் பழைய டிஸ்ட்ரோவுல பழைய மெசா இருந்தா, அதே சிப் மெதுவா ஓடும், சில கேம் திறக்கவே திறக்காது. அதனால புது மெசாவைச் சீக்கிரம் தர்ற டிஸ்ட்ரோவாப் பாத்து எடுங்க.

சில கேம்களுக்கு லினக்ஸுக்கான நேரடிப் பதிப்பும் இருக்கும், புரோட்டான் வழியும் இருக்கும். யூரோ ட்ரக் அப்படித்தான். நேரடிப் பதிப்புதான் எப்பவும் வேகம்னு நினைக்காதீங்க. ரெண்டையும் ஒரே ரூட்ல ஓட்டி அளந்து, எது சமமா ஓடுதோ அதை வெச்சுக்கோங்க.

இன்னொரு குழப்பம், முதல் பதினஞ்சு நிமிஷ உதறல். ஜிபியுவுக்கான சின்னச் சின்ன நிரல்களை, அதாவது ஷேடர்களை, முதல் தடவை பாக்கும்போது டிரைவர் மொழிபெயர்க்கணும். அந்த நேரத்துல கேம் திக்கும். மொழிபெயர்த்ததைச் சேமிச்சு வெச்சுக்கும், அடுத்த தடவை திக்காது. அதனால புது கேமை முதல் ஓட்டத்துலயே தீர்ப்பு சொல்லாதீங்க. டிஸ்க்குல இடம் வேணும்னு ஷேடர் கேஷை அழிச்சுடாதீங்க, மறுபடியும் முதல்ல இருந்து திக்கும்.

செய்யக் கூடாதது, முடியாதது

யூடியூப்ல ஒரு ட்வீக் சுத்திக்கிட்டிருக்கு: கர்னலோட பாதுகாப்புத் தடுப்புகளை மொத்தமா அணைச்சுட்டா வேகம் கூடும்னு. 2018 ஜனவரியில வெளிவந்த ஸ்பெக்டர், மெல்ட்டவுன் மாதிரியான ஓட்டைகளை அடைக்கிறதுக்கு வந்த தடுப்புகள் அவை. ஜிபியு தடையா இருக்கிற மெஷின்ல அதை அணைச்சு ஒரு லாபமும் கிடையாது. ஆனா அதே லேப்டாப்புலதான் வீட்ல பேங்க் வேலை நடக்குது, ஸ்காலர்ஷிப் அப்ளிகேஷன் போடுறோம். ரெண்டு ஃபிரேமுக்காக வீட்டுப் பூட்டைக் கழட்டாதீங்க.

எங்கேயோ பாத்த நாப்பது வரி ஸ்கிரிப்ட்டை அட்மின் பாஸ்வேர்டு குடுத்து ஓட்டாதீங்க. ஒவ்வொரு வரியும் என்ன செய்யுதுன்னு தெரிஞ்சா மட்டும் ஓட்டுங்க. தமிழ்ல படிக்கணும்னா கணியம் இதழ் 2012-ல இருந்து திறந்த மூல மென்பொருள் பத்தி எழுதிக்கிட்டிருக்காங்க, அங்க இருந்து தொடங்கலாம்.

முடியாததையும் நேராச் சொல்லிடணும். வேலரன்ட் லினக்ஸ்ல ஓடாது. அதோட ஆன்டி சீட், விண்டோஸ் கர்னலுக்குள்ள உக்காந்து வேலை செய்யிற வகை. ஃபோர்ட்நைட்டும் ஓடாது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் முன்னாடி ஓடிக்கிட்டிருந்துச்சு, 2024 அக்டோபர் கடைசியில நிறுத்திட்டாங்க. இதெல்லாம் பெர்ஃபார்மன்ஸ் பிரச்சினையே கிடையாது, அந்தந்த நிறுவனங்களோட முடிவு. உங்க நண்பர்கள் கூட்டம் முழுக்க வேலரன்ட்ல இருந்தா, எந்த ட்வீக்கும் உங்களை அங்க கொண்டுபோய்ச் சேர்க்காது. டிஸ்ட்ரோ மாத்துறதுக்கு முன்னாடி, நீங்க விளையாடுற கேம் புரோட்டான்டிபி தளத்துல எப்படி மதிப்பிடப்பட்டிருக்குன்னு பாத்துடுங்க.

சரி, தேறுமா தேறாதா?

சித்திகிட்ட சொன்ன பதில்: "தேறும் சித்தி. ஆனா இதுல எதெல்லாம் ஓடும், எதெல்லாம் ஓடாதுன்னு அவனுக்கும் சொல்லிட்டேன்." யூரோ ட்ரக், குறைஞ்ச செட்டிங்ல, நெடுஞ்சாலையில 30-ல நிக்குது. பெரிய ஊருக்குள்ள நுழைஞ்சா கொஞ்சம் இறங்குது. அதுக்கு மேல அந்தச் சிப்புகிட்ட கேக்க முடியாது. சீட்டு இன்னும் எடுக்கல. அது அவன் காலேஜ் சேரும்போது தேவைப்படும்.

எனக்கு இதுல முக்கியமாப் பட்டது வேற. அளந்து பாக்கக் கத்துக்கிட்டதும் தம்பி கேக்கிற கேள்வி மாறிடுச்சு. முன்னாடி "எந்த லேப்டாப் வாங்கலாம்?"னு கேப்பான். இப்ப "ஜிபியு சும்மா இருக்கும்போது ஏன்ணே திக்குது?"ன்னு கேக்கிறான். நான் இன்ஜினியரிங்ல ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பேப்பர்ல படிச்ச பேஜிங், ஷெட்யூலிங் எல்லாத்தையும் அவன் ஒரு பஸ் கேம் வழியா வந்து தொட்டுட்டான். அதுக்கு அந்த மெஷின் திறந்து காட்டணும். லினக்ஸ் திறந்து காட்டுது.

இந்த வாரம் வரிசை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. முதல்ல அளங்க. அடுத்து ரேமும் டிஸ்க்கும். அடுத்து தூசியும் வெப்பமும். அடுத்து பிக்சலும் 30 பூட்டும். கடைசியா டிரைவர், புரோட்டான் பதிப்பு. பலர் கடைசியில இருந்து ஆரம்பிச்சு, பாதியிலேயே வெறுத்துப் போயிடுறாங்க.

உங்க வீட்டுப் பரண்ல, பீரோ மேல அப்படி ஒரு லேப்டாப் தூங்கிக்கிட்டிருந்தா எடுத்துத் தூசி தட்டுங்க. என்ன சிப், எவ்வளவு ரேம், எந்த கேம், மாங்கோஹட் என்ன காட்டுச்சுன்னு எனக்கு அனுப்புங்க. அடுத்த மாசம் அதுல இருந்து மூணு மெஷினை எடுத்து, எந்த மடை அடைச்சிருக்குன்னு சேர்ந்து பாப்போம். அதுவரைக்கும், வணக்கம்.